இயந்திரவியல் படிக்கப் போன புளியங்குடிப் பிள்ளைகளுக்கு



புளியங்குடியிலிருந்தும், சுற்றியுள்ள சிந்தாமணி, வாசுதேவநல்லூர், சொக்கம்பட்டி, கடையநல்லூர் பக்கமிருந்தும் திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் மெக்கானிக்கல் படிக்கப் போயிருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பாலிடெக்னிக்கில் படிப்பவர்களும் இதில் அடக்கம். உங்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்க வேண்டும். அது என்ன வேலை, அதை ஏன் நீங்கள்தான் செய்யவேண்டும் என்பதைச் சொல்ல இவ்வளவு இடம் தேவைப்படுகிறது. பொறுமையாகப் படியுங்கள்.

ராஜபாளையம் பக்கத்து நூற்பாலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் என் உழைப்புக் காலம் கழிந்தது. பாய்லர், கம்ப்ரசர், ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்ட் என்று வெப்பமும் ஈரமும்தான் எனக்குச் சோறு போட்டன. உங்களுக்குத் தெர்மோ, அதாவது வெப்ப இயக்கவியல், என்றால் அரியர் விழும் பேப்பர். பிஸ்டனும் சிலிண்டரும், அதற்குள்ளே 2 கிலோ காற்று, இத்தனை பார் அழுத்தம், செய்த வேலை எவ்வளவு என்று கணக்கு வரும். நீராவி அட்டவணையையும் சைக்ரோமெட்ரிக் சார்ட்டையும் தேர்வு அறைக்குள் கொண்டுபோக விடுவார்கள். தேர்வு முடிந்ததும் சார்ட்டை மடித்து வைத்துவிட்டு வந்துவிடுவீர்கள். அந்தச் சார்ட்டை மறுபடி எடுக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அதில் நம் ஊர்க் காற்றின் மொத்த வரலாறும் இருக்கிறது.

ஆனி, ஆடி மாதங்களில் மலைக்கு மேற்கே அச்சன்கோவில் பக்கம் காற்று எப்படி இருக்கும்? கணக்குக்காக 27 டிகிரி வெப்பம், பனிநிலை 23 அல்லது 24 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இந்தக் காற்று மலைமேல் ஏறுகிறது. மேலே அழுத்தம் குறைவு, காற்று விரிகிறது, விரிவதற்கான வேலையைத் தன் சொந்த வெப்பத்தைச் செலவழித்தே செய்கிறது. ஆகவே கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 9.8 டிகிரி வீதம் குளிர்கிறது. புத்தகத்தில் நீங்கள் படித்த அடியபாட்டிக் விரிவு இதுதான். 400 மீட்டரைத் தாண்டியதும் நீராவி துளியாகத் தொடங்கும். மேகம் கட்டுவது அந்த உயரத்தில். துளியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் சுமார் 2,450 ஜூல் உள்ளுறை வெப்பத்தைக் காற்றுக்குள் விடுகிறது. அதனால் அதற்கு மேல் குளிர்வது மந்தமாகிறது. கிலோமீட்டருக்கு நாலரை டிகிரிகூட இறங்காது. 1,500 மீட்டர் உயரமுள்ள முகட்டை எட்டும்போது காற்று 18 டிகிரியை ஒட்டி நிற்கும். வழியில் ஒவ்வொரு கிலோ காற்றும் இரண்டரை முதல் மூன்று கிராம் நீரை மழையாகக் கொட்டிவிட்டிருக்கும்.

முகட்டைத் தாண்டியதும் கிழக்கே இறக்கம். இப்போது காற்று நெருக்கப்படுகிறது, சூடேறுகிறது. கொட்டிய நீர் மலைக்கு அந்தப் பக்கமே தங்கிவிட்டதால், திரும்ப ஆவியாகி வெப்பத்தைக் குடிக்க ஒன்றுமில்லை. எனவே இறங்கும் வழி முழுவதும் கிலோமீட்டருக்கு 9.8 டிகிரிதான். நம் மலையடிவாரத்துக்கு வந்து சேரும்போது 31 டிகிரியைத் தாண்டியிருக்கும். அதே உயரத்தில் மேற்கே இருந்ததைவிட ஐந்தாறு டிகிரி கூடுதல். ஈரப்பதம் பாதிக்குச் சற்று மேலே, சுமார் 53 சதவீதம். அந்த ஐந்தாறு டிகிரியும் கேரளத்தில் பெய்த மழையின் வெப்பம். கணவாய் வழியாகத் தாழப் புகுந்து வரும் காற்று குற்றாலத்தையும் செங்கோட்டையையும் சாரலில் நனைக்கிறது. முகடு ஏறி இறங்கும் காற்று நமக்கு வறண்ட காற்றாக வந்து சேர்கிறது. அந்தக் காற்று வீசும்போது தலையில் போட்ட துண்டு எப்படிப் பறக்கிறதோ அப்படி ஈரமும் பறக்கும். ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் இதே காற்றை ஃபோன் காற்று என்று அழைக்கிறார்கள். பாடப்புத்தகங்கள் ஆல்ப்ஸைக் காட்டும். நீங்கள் மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்தால் போதும்.

இந்தக் காற்றை வைத்துத்தான் நம் பக்கத்து ஊர்கள் பிழைக்கின்றன. சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் வேரூன்றியதற்கு வறண்ட காற்று ஒரு முக்கியக் காரணம். தீக்குச்சி மருந்து காய வேண்டும். காகிதம் ஈரத்தில் ஊதக் கூடாது. ராஜபாளையத்து நூற்பாலைக்கோ நேர் எதிரான தேவை. பஞ்சு வறண்டால் நிலைமின்சாரம் ஏறும், இழை பறக்கும், நூல் அறும். அதனால் நூற்பு அறைக்குள் 55, 60 சதவீத ஈரப்பதத்தைக் கட்டிக்காக்க வேண்டும். வெளிக்காற்றை இழுத்து, நீர்த்தூறலுக்குள் விட்டு, கால்வாய் வழியாக அறைக்குள் அனுப்புவோம். தூணுக்குத் தூண் உலர்குமிழ், ஈரக்குமிழ் என இரண்டு வெப்பமானிகள் தொங்கும். ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதுதான் வேலைக்குச் சேர்ந்த பையனுக்குக் கொடுக்கும் முதல் வேலை.

நீங்கள் மடித்து வைத்த சார்ட்டும் ஓர் அச்சகத்தின் அவஸ்தையிலிருந்து பிறந்ததுதான். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் வெயில் காலத்து ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கி, ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக உட்காரவில்லை. வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளரிடம் அந்தப் பிரச்சினை போனது. காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்தே ஆள வேண்டும் என்று அவர் கண்டார். 1911-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் தன் சூத்திரங்களை வைத்தார். இன்றைய ஏசி இயந்திரங்கள் அத்தனையும் அந்தக் கணக்கின் வாரிசுகள். புரூக்ளின் பிரச்சினை கைக்கு வந்தபோது அவருக்கு வயது 25. அதாவது, உங்களைவிட ஐந்தாறு வயது மூத்தவர்.

இப்போது நம் பண்டத்துக்கு வருகிறேன். எலுமிச்சை.

நம் ஊருக்கு லெமன் சிட்டி என்று பெயர் வாங்கிக் கொடுத்த காய். தோப்பிலிருந்து மார்க்கெட்டுக்கு மூட்டை மூட்டையாக வந்து, ஏலம் போய், பாதிக்கு மேல் லாரியேறி வெளியூருக்கும் கேரளத்துக்கும் போகிற காய். கோடையில் விலை உச்சிக்குப் போகும். வரத்து பெருகும் மாதங்களில் பறித்த கூலிக்குக்கூடக் கட்டாத விலைக்கு இறங்கும். இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வேதனை. இதற்கு எல்லோரும் சொல்லும் ஒரே தீர்வு குளிர்பதனக் கிடங்கு. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எலுமிச்சைக்கு எந்தக் குளிர், எவ்வளவு குளிர், எந்த ஈரம் என்ற கேள்விகளை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவை தெர்மோ கேள்விகள். விடை சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

முதலில் காய் ஏன் வாடுகிறது என்று பாருங்கள். காயின் தோலுக்குள் காற்று ஏறத்தாழ முழு ஈரத்தில் இருக்கிறது. 31.5 டிகிரியில் அந்த நிறை ஆவி அழுத்தம் சுமார் 46 மில்லிபார். வெளியே வீசும் காற்றில் 53 சதவீதம்தான் ஈரம். ஆவி அழுத்தம் 24 அல்லது 25 மில்லிபார். இடையில் இருக்கும் 21, 22 மில்லிபார் வித்தியாசம்தான் காயிலிருந்து நீரை உறிஞ்சும் விசை. இப்போது அதே காயை 25 டிகிரி, 90 சதவீத ஈரப்பதமுள்ள இடத்தில் வையுங்கள். நிறை ஆவி அழுத்தம் 32 மில்லிபாரை ஒட்டி இருக்கும். வித்தியாசம் வெறும் 3 மில்லிபார். வெப்பம் இறங்கியது ஆறரை டிகிரி மட்டும்தான். உறிஞ்சும் விசையோ ஏழில் ஒரு பங்காகிவிட்டது! எடையில் ஐந்து சதவீதம் குறைந்தாலே காய் பளபளப்பை இழந்து தோல் சுருங்கத் தொடங்கும். எடை போட்டு விற்கும்போது அந்த ஐந்து சதவீதம் விவசாயியின் பணம். குளிர், குளிர் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். வாட்டம் என்று வரும்போது ஈரம் தரும் ஆதாயம் அதைவிடப் பெரிது. இதை உங்கள் சார்ட்டில் நீங்களே ஒருமுறை கோடு போட்டுப் பாருங்கள். என் வார்த்தைக்காக நம்ப வேண்டாம்.

25 டிகிரியும் 90 சதவீதமும் வேண்டுமென்றால் கம்ப்ரசர் தேவையில்லை. செங்கலும் மணலும் தண்ணீரும் போதும். டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் ராய், குர்தியா என்ற இரு ஆய்வாளர்கள் 1980-களின் தொடக்கத்தில் இதைச் செய்து காட்டினார்கள். பூஜ்ய ஆற்றல் குளிர் அறை என்று அதற்குப் பெயர். தரை 165 செ.மீ. நீளம், 115 செ.மீ. அகலம், உயரம் 67.5 செ.மீ. செங்கல்லால் இரட்டைச் சுவர், நடுவில் 7.5 செ.மீ. இடைவெளியில் ஆற்று மணல். மேலே ஓலைக் கொட்டகை நிழல். காலையும் மாலையும் மணலை நனைக்க வேண்டும். சுவருக்குச் சிமெண்ட் பூசக் கூடாது, பூசினால் ஆவியாகும் வழி அடைபட்டுவிடும். ஏறத்தாழ 100 கிலோ காய் கொள்ளும். ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் இருந்தால் எளிதில் கட்டிவிடலாம். நம் ஊரில் எத்தனை தோப்பில் இது இருக்கிறது? நான் போன தோப்புகளில் பார்க்கவில்லை.

இந்த அறைக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நீர் ஆவியாவதால் கிடைக்கும் குளிர்ச்சி ஈரக்குமிழ் வெப்பத்துக்குக் கீழே இறங்காது. நான் மேலே எடுத்துக்கொண்ட ஆடிக் காற்றுக்கு (31.5 டிகிரி, 53 சதவீதம்) ஈரக்குமிழ் 24. சித்திரை மதியம் 38 டிகிரி, 35 சதவீதம் என்று கொண்டால் 25. ஐப்பசி அடைமழையில் 27 டிகிரி, 88 சதவீதம் என்றால் 25.4. கவனித்தீர்களா? வெயில் 38-இலிருந்து 27-க்கு இறங்கினாலும் ஈரக்குமிழ் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்கிறது. அறைக்குள் காய்க்குக் கிடைக்கும் வெப்பநிலை எந்த மாதமும் கிட்டத்தட்ட அதேதான். வெளியோடு ஒப்பிட்ட ஆதாயம் மட்டும் மாறுகிறது: சித்திரையில் 13 டிகிரி, ஆடியில் ஏழு, ஐப்பசியில் ஒன்றரை. அடைமழையில் நனைந்த மணலும் நனைந்த காற்றுமாகச் சேர்ந்து காயில் பூஞ்சை பிடிக்கும். அந்த மாதங்களில் அறையைத் திறந்து காற்றோட விட வேண்டும். மார்கழி இரவுகளின் கதை வேறு, அதற்குத் தனிக் கணக்கு வேண்டும். இவையெல்லாம் நான் எடுத்துக்கொண்ட எண்களுக்கான விடைகள். நம் மார்க்கெட்டிலும் தோப்பிலும் உண்மையான எண் என்ன என்பதுதான் நான் உங்களிடம் கேட்கப் போகிற வேலை.

தண்ணீர்ப் பஞ்சத்தில் இது தேவையா என்று ஒரு தோப்புக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. ஒரு டன் காயை 31.5-இலிருந்து 25-க்கு இறக்க எடுக்க வேண்டிய வெப்பம் சுமார் 25,000 கிலோஜூல். அதை ஆவியாக்கிக் கொண்டுபோக 10 லிட்டர் தண்ணீர் போதும். சுவரும் வெளிக்காற்றும் குடிப்பதால் நடைமுறையில் பல மடங்கு ஆகும். அப்படியும் ஒரு எலுமிச்சை மரத்துக்குப் பாய்ச்சும் தண்ணீரோடு வைத்துப் பார்த்தால் அது பெரிய செலவில்லை.

வாரக்கணக்கில் காயை வைத்திருக்க வேண்டும் என்றால் மட்டும் உண்மையான குளிர் அறை வேண்டும். எலுமிச்சைக்கு 10 டிகிரியை ஒட்டிய வெப்பமும் 85 முதல் 90 சதவீத ஈரமும் இருந்தால் ஆறிலிருந்து எட்டு வாரம் தாங்கும். 7, 8 டிகிரிக்குக் கீழே போனால் காய்க்குக் குளிர் அடிபடும். தோலில் பள்ளம் விழும், பழுப்புப் புள்ளி வரும், வெளியே எடுத்த இரண்டாம் நாள் அழுகும். உருளைக்கிழங்குக்கு ஏற்ற அறையிலும் ஐஸ்கிரீம் பெட்டியிலும் எலுமிச்சையை வைப்பது அதைக் கெடுப்பதற்குச் சமம். அதிகக் குளிர் அதிக நாள் காக்கும் என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. இதை மாற்ற நீங்கள் ஒவ்வொரு கமிஷன் கடைத் திண்ணையிலும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.

அடுத்தது, நுணுக்கமான ஒரு விஷயம். அறைக்குள் இருக்கும் குளிர்ச் சுருளின் வெப்பநிலை. மெஷின் விற்பவர் சிறிய சுருளைப் போட்டு, அதைப் பூஜ்யத்துக்குக் கீழே இறக்கி, அறையை 10 டிகிரிக்குக் கொண்டுவந்து காட்டுவார். வெப்பமானி சரியாகத்தான் காட்டும். ஆனால் அறைக் காற்றின் ஈரமெல்லாம் அந்தச் சுருளில் பனியாகப் படிந்துவிடும். காற்று வறண்டு காயிலிருந்து நீரை இழுக்கும். 10 டிகிரியில் 88 சதவீத ஈரம் வேண்டுமானால் பனிநிலை 8 டிகிரி. சுருளின் மேற்பரப்பு அந்த எட்டை விட்டு வெகுதூரம் கீழே போகக் கூடாது. அதற்குச் சுருள் பெரிதாக, காற்றுக்கும் சுருளுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் சிறிதாக இருக்க வேண்டும். சுருள் பெரிதானால் முதல் விலை ஏறும். ஆனால் தெர்மோவின் இரண்டாவது விதி அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. வெளியே வெப்பத்தை 42 டிகிரியில் கொட்டும் மெஷின் உள்ளே மைனஸ் 5-இல் வெப்பம் எடுத்தால், கார்னோ கணக்குப்படி ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அதிகபட்சம் 5.7 யூனிட் வெப்பத்தை இறைக்கலாம். பிளஸ் 5-இல் எடுத்தால் 7.5. உண்மை மெஷின் இதில் பாதியைக்கூடத் தொடாது. ஆனால் விகிதம் ஏறத்தாழ அப்படியே நிற்கும். மின்சாரத்தில் ஏறத்தாழ கால் பங்கு மிச்சம். காயும் வாடாது, கரண்ட் பில்லும் குறையும். இரண்டு நன்மையும் ஒரே முடிவில் கிடைப்பது இந்தத் துறையில் அபூர்வம். குளிர் அறைக்குக் கடன் வாங்கப் போகிறவருடைய வீட்டிலிருந்து ஒரு பிள்ளை இதைச் சொன்னால் அவர் கேட்பார். நான் சொன்னால் மெஷின்காரர் என்னைவிட நன்றாகப் பேசிவிடுவார்.

செங்கல் அறையையும் குளிர் அறையையும் இணைக்கவும் முடியும். மதியம் வந்த காயை நேரே குளிர் அறைக்குள் தள்ளினால் டன்னுக்கு 83,000 கிலோஜூலுக்குக் கொஞ்சம் மேலே வெப்பத்தை எடுக்க வேண்டும். ஓர் இரவு செங்கல் அறையில் வைத்து 24, 25 டிகிரிக்குக் கொண்டுவந்து மறுநாள் உள்ளே வைத்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு வேலையைத் தண்ணீர் முடித்திருக்கும். இதில் மிச்சமாகும் மின்சாரம் டன்னுக்கு மூன்று நான்கு யூனிட்தான். அதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். வரத்து குவியும் நாளில் தாங்க வேண்டிய கம்ப்ரசரைச் சிறிதாக வாங்கலாம், அதுதான் பெரிய மிச்சம். விடியற்காலையில் பறித்து நிழலில் குவித்தால் அந்த வேலையும் குறையும். இது எந்த மெஷினும் இல்லாமல் நாளைக்கே செய்யக்கூடியது.

எலுமிச்சையை விட்டுக் கொஞ்சம் கரும்புக்கு வருகிறேன். நம் பக்கம் வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளைப் பார்த்திருப்பீர்கள். 100 கிலோ கரும்பில் சுமார் 60 கிலோ சாறு. அதிலிருந்து 10, 12 கிலோ வெல்லம். மீதி 48 கிலோ நீரையும் ஆவியாக்கித் துரத்த வேண்டும். ஒரு கிலோவுக்கு 2,257 கிலோஜூல் வீதம், சாற்றைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பத்தையும் சேர்த்தால் 1,25,000 கிலோஜூல். அதே கரும்பின் சக்கையைக் காயவைத்தால் இருபது கிலோவுக்கு மேல் தேறும். கிலோவுக்கு 16,000 கிலோஜூல் என்று கொண்டால் மூன்று லட்சத்துக்கு மேல் வெப்பம் அதில் இருக்கிறது. தேவையைப் போல இரண்டரை மடங்கு! அப்படியும் ஏன் பல கொட்டகைகளில் விறகும், சில இடங்களில் பழைய டயரும் எரிகிறது? அடுப்பு வாயில் மிதமிஞ்சிக் காற்று நுழைகிறது. தீ கொப்பரையின் அடியைத் தொட்டுத் தொடாமல் புகைபோக்கிக்கு ஓடுகிறது. சக்கை காயாமலே எரிகிறது. கொப்பரையின் அடியில் தகடுகளைச் செங்குத்தாகப் பற்றவைத்து வெப்பம் வாங்கும் பரப்பைக் கூட்டலாம். புகைபோக்கிக்குப் போகும் வழியில் இன்னொரு தொட்டி வைத்துப் பச்சைச் சாற்றைச் சூடாக்கிக்கொள்ளலாம். புகைவழியில் ஒரு தடுப்புத் தகடு வைத்துக் காற்றை அளவாக விடலாம். பற்றவைப்பு வேலை தெரிந்த ஆள் நம் ஊரில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். எங்கே எவ்வளவு வெப்பம் போகிறது என்று அளந்து சொல்ல ஆள் வேண்டும்.

அளந்து பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நார்பெர்ட் ரில்யூ. 1806-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில், கறுப்பினத் தாய்க்குப் பிறந்தவர். பாரிஸில் படித்து, அங்கேயே நீராவி எஞ்சின் பற்றிப் பாடம் நடத்தியவர். அன்றைய லூசியானாவில் கரும்புச் சாற்றைத் திறந்த கொப்பரைகளில் காய்ச்சினார்கள். கொதிக்கிற சாற்றை ஒரு கொப்பரையிலிருந்து அடுத்த கொப்பரைக்கு அகப்பையால் மாற்றும் வேலையை அடிமைப்படுத்தப்பட்ட மனிதர்கள் செய்தார்கள். உடல் வெந்தவர்கள் பலர். ரில்யூ ஒன்றைக் கவனித்தார். முதல் கொப்பரையிலிருந்து எழும் ஆவியில்தான் அடுப்பு கொடுத்த வெப்பம் முழுவதும் இருக்கிறது. அடுத்த கலனை மூடி, உள்ளே அழுத்தத்தைக் குறைத்தால் சாறு குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். அதற்கு இந்த ஆவியே போதும். அதிலிருந்து எழும் ஆவி அதற்கடுத்த கலனுக்கு. 1843-இலும் 1846-இலும் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று உலகத்துச் சர்க்கரை ஆலைகள், பால் பவுடர் ஆலைகள், உப்பு நீக்கும் ஆலைகள் பலவற்றிலும் ஓடுவது அந்த எண்ணம்தான். ஆவியாகப் போனது வெப்பம் என்று பார்க்கத் தெரிந்த ஒருவரால், அந்த அகப்பையைக் கீழே போட முடிந்தது. தெர்மோ மனிதர்களுக்குச் செய்த பெரிய உபகாரங்களில் ஒன்றாக இதை நான் மதிக்கிறேன்.

அளப்பது சுலபம் என்று எண்ணிவிடாதீர்கள். வெப்பமும் வேலையும் ஒன்றே என்று நிறுவிய ஜூல், 1847-இல் தேனிலவுக்கு ஆல்ப்ஸ் போனபோது அருவியின் மேலும் கீழும் நீரின் வெப்பத்தை அளக்க ஆசைப்பட்டார் என்று கெல்வின் எழுதி வைத்திருக்கிறார். நம் குற்றாலத்துப் பேரருவிக்கு அந்தக் கணக்கைப் போட்டால், சுமார் 60 மீட்டர் விழும் நீர் 0.14 டிகிரி சூடாக வேண்டும். நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து சுழல்வதும் அந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும். ஆனால் சிதறும் துளியிலிருந்து காற்று பிடுங்கிக்கொள்ளும் ஆவி, அந்த 0.14-ஐ விழுங்கி நீரைக் குளிரவும் வைத்துவிடும். சரியான இடத்தில், சரியான நேரத்தில், சரியான கருவியால் அளக்காவிட்டால் விடை தலைகீழாக வரும் என்பதை அருவிக்கரையில் நின்றே கற்றுக்கொள்ளலாம்.

ஆகவே வேலை இதுதான். நம் ஊர்க் காற்றின் உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பங்களை ஓர் ஆண்டு முழுக்க, மூன்று இடங்களில் அளந்து எழுத வேண்டும்: மார்க்கெட்டுக்குள்ளே, மலையடிவாரத் தோப்பு ஒன்றில், கிழக்கே சங்கரன்கோவில் சாலைப் பக்கம் ஒன்றில். காலை ஆறு மணி, பிற்பகல் இரண்டு மணி, இரவு ஒன்பது மணி. செல்போனில் வரும் வானிலை எண்ணை எழுதினால் ஏற்க மாட்டேன். அது நம் மார்க்கெட் கூரைக்குக் கீழே எடுத்த அளவு ஆகாது. மூட்டைகள் அடுக்கிய நடுவிலும் ஒரு வெப்பமானியைச் செருகுங்கள். காயும் மூச்சு விடுகிறது, நடு மூட்டை வெளிக்காற்றைவிடச் சூடாகத்தான் இருக்கும். எவ்வளவு என்பதை அளவாகப் பார்க்க விரும்புகிறேன். தோப்பில் ஒரு செங்கல் அறை கட்டி, ஒரே நாள் பறித்த காயில் பாதியை அறையிலும் பாதியைச் சாக்கிலும் வைத்துத் தினமும் எடை போடுங்கள். மேலே நான் எழுதிய எண்களில் எது நம் ஊருக்குப் பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று அந்த நோட்டு சொல்லட்டும். அதற்குப் பிறகு குளிர் அறை எத்தனை டன், எந்த அளவுச் சுருள், எந்த மாதம் ஓட வேண்டும், எந்த மாதம் அணைத்து வைக்கலாம் என்று நம் விவசாயிகளும் கமிஷன் கடைக்காரர்களும் எண்களை வைத்துக்கொண்டு மெஷின்காரரிடமும் வங்கியிடமும் பேசலாம். உங்களில் யாருக்காவது கடைசி ஆண்டு புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேவைப்பட்டால் இதைவிட நல்லதை நான் அறியேன்.

வெப்பமானிகள், குமிழில் சுற்ற மல் துணி, காய்ச்சி வடித்த தண்ணீர், எடைத் தராசு ஆகியவற்றை நான் வாங்கி வைத்திருக்கிறேன். ஈரக்குமிழைப் படிக்கும் முன் ஒரு நிமிடமாவது காற்றில் சுழற்ற வேண்டும், வெயிலில் நின்று படிக்கக் கூடாது, துணி அழுக்கானால் மாற்ற வேண்டும்; இவற்றை முதல் நாள் நானே உடனிருந்து காட்டித் தருகிறேன். கல்லூரி நாட்களில் ஊரில் இருக்க முடியாதவர்கள் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடிய வேலைதான். சாரல் காற்று தொடங்குவதற்கு முன், வைகாசியிலேயே முதல் அளவு எடுத்துவிட வேண்டும். காற்று திரும்பும் அந்த வாரம் நோட்டில் தவறவே கூடாது. மார்க்கெட்டுக்கு யார், தோப்புக்கு யார், கிழக்குப் பக்கத்துக்கு யார் என்று நீங்களே பேசிப் பிரித்துக்கொண்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற நூற்பாலைப் பராமரிப்புப் பொறியாளர்,
புளியங்குடி